கூகுள்ல நம்ம பக்கம் ஏன் வரல? சோர்ஸ் கோட திறந்து பாத்துடலாம் வாங்க

நல்லா எழுதி படமெல்லாம் போட்டிருப்பீங்க, ஆனா கூகுள்ல தேடினா ஆளையே காணோம். கோடிங் தெரியாட்டி பரவாயில்ல, கம்ப்யூட்டர்ல க்ரோம்ல உங்க பக்கத்த திறந்து கன்ட்ரோலும் யூவும் சேத்து அமுக்குங்க, சோர்ஸ் கோட், அதாவது பக்கத்துக்குப் பின்னாடி இருக்குற கோட் கொட்டும். பயந்துடாதீங்க, நமக்கு வேண்டியது நாலஞ்சு வரிதான்.

முதல்ல கன்ட்ரோல் எஃப் போட்டு 'நோஇன்டெக்ஸ்'னு (இங்கிலீஷ்ல noindex) தேடுங்க, 'இந்தப் பக்கத்த தேடல்ல காட்டாதே'ன்னு அர்த்தம். மேல ஹெட் பகுதியில ரோபோட்ஸ் மெட்டா டேக்ல (தேடல் ரோபோவுக்கு உத்தரவு சொல்ற வரி, meta name="robots"னு இருக்கும்) அது இருந்தா கதை முடிஞ்சுது, வேற எதை சரி பண்ணாலும் அந்தப் பக்கம் ரிசல்ட்ல வராது. வேர்ட்பிரஸ்ல சைட் பண்ணியிருந்தா, அதுல செட்டிங்ஸ் போயி ரீடிங்ல பாருங்க, சர்ச் இஞ்சின் வர வேணாம்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், சைட் ரெடியாகுற வரைக்கும்னு டிக் போட்டுட்டு அப்புறம் எடுக்க மறந்துடுறது ரொம்ப சகஜம்.

அடுத்து டைட்டில் டேக் (title), பக்கத்தோட தலைப்பு சொல்ற வரி. எல்லா பக்கத்துலயும் வெறும் 'ஹோம்'னு இருந்தா எவன் கிளிக் பண்ணுவான்? 'தையல் மெஷின்ல நூல் கோக்குறது எப்படி'ன்னு பக்கத்துக்கு ஒண்ணா, உள்ள இருக்குறதையே எழுதுங்க. மெட்டா கீவேர்ட்ஸ்ல, அதாவது கோடுக்குள்ள தேடல் வார்த்தைகள அடுக்கி வைக்கிற வரியில, நேரத்த வீணாக்காதீங்க, ரேங்கிங்க்கு (ரிசல்ட்ல எந்த இடம்னு முடிவு பண்ண) அதை பாக்குறதில்லன்னு கூகுள் 2009லயே சொல்லிடுச்சு, இன்னமும் அதுக்கு காசு வாங்குறவங்க இருக்காங்க!

மெனுவுல இருக்குற லிங்க் ஏ டேக்கா (கோடுல <aன்னு ஆரம்பிக்கும்), உள்ள எச்ரெஃப்ல (href) முகவரி இருக்கான்னு பாருங்க. பட்டன்ல ஆன்கிளிக் (onclick, தட்டினா மட்டும் வேலை செய்யுற கோட்) மட்டும் வச்சிருந்தா நாம தட்டினா போகும், பக்கங்கள படிக்க வர்ற கூகுளோட ரோபோ, கூகுள்பாட், தட்டாது, அது எச்ரெஃப்ப பிடிச்சுதான் அடுத்த பக்கம் போகும்.

இப்ப படம். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. இமேஜ் டேக்ல (img) விட்த் (width, அகலம்), ஹைட் (height, உயரம்) ரெண்டும் போடலன்னா படம் லேட்டா வந்து எழுத்தையெல்லாம் கீழ தள்ளும், ஒரு லிங்க்க தட்டப் போனா விளம்பரத்துல கை படும், அந்த குதிக்கிறதத்தான் சிஎல்எஸ்னு அளக்குறாங்க, 0.1 தாண்டக்கூடாது. அப்புறம் பக்கத்த திறந்ததும் தெரியுற பெரிய படத்துக்கு லேசி லோடிங் (ஸ்க்ரோல் பண்ணி கிட்ட வந்தாத்தான் படத்த இறக்குறது, கோடுல loading="lazy") வைக்காதீங்க, அது கீழ இருக்குற படங்களுக்குத்தான். மேல இருக்குறது 2.5 செகண்டுக்குள்ள வந்துடணும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ங்கிற கூகுளோட வேக சோதனை டூல்ல முகவரிய போட்டா இதெல்லாம் காட்டும், ஆனா 100 மார்க் வாங்கியே தீருவேன்னு உக்காராதீங்க, விஷயம் இல்லாத பக்கம் எவ்வளவு வேகமா வந்தாலும் மேல ஏறாது.

எல்லாம் சரி பண்ணிட்டு சைட் வச்சிருக்கவங்களுக்கான கூகுளோட டூல், சர்ச் கன்சோல்ல, யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன்ல முகவரிய குடுத்து லைவ் டெஸ்ட் போட்டு, கூகுளுக்கு பக்கம் எப்படி தெரியுதுன்னு ஸ்கிரீன்ஷாட் பாருங்க, உங்க எழுத்து அதுல வந்தா ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங் (தேடல்ல சேத்துக்கோன்னு கேக்குற பட்டன்) குடுத்துட்டு விட்டுடுங்க, சில நாள் ஆகலாம், சில வாரம்கூட ஆகலாம், தினமும் திரும்பத் திரும்ப அமுக்குறதால சீக்கிரம் வராது.