பிக்கப்பில் கூடுதல் ரிவர்ஸ் லைட்: ஒயரிங்கில் எங்கே தப்பு நடக்கிறது?

இரவில் தோப்புக்குள் வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிக்கப்போடு வரும் ரிவர்ஸ் பல்பின் லட்சணம். 21 வாட் பல்பு, அதன் கண்ணாடி மேல் ஒரு மாதத்துச் சேறு. பின்னால் நிற்பது தென்னையா, வழி சொல்லும் ஆளா என்றே தெரியாது. அதனால்தான் பலரும் ஒரு ஜோடி 18 வாட் எல்இடி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். மாட்டுவது சின்ன வேலை. ஒயரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரிவர்ஸ் பல்புக்கு வரும் ஒயரைச் சீவி, அதிலேயே எல்இடியையும் முறுக்கி, டேப் சுற்றி விடுவார்கள். எரியத்தான் செய்யும். எரிவதால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். இரண்டு 18 வாட் எல்இடி இன்னும் மூன்று ஆம்பியர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ஒல்லி ஒயரும், கியர் பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்சின் சின்னஞ்சிறு காண்டாக்ட்டும் பல்புக்காகச் செய்தவை. காண்டாக்ட் மெதுவாகக் கரிந்துகொண்டே வந்து, ஒருநாள் பல்பும் எரியாது, எல்இடியும் எரியாது. பியூஸ் போனால், அதே பியூஸைப் பங்குபோடும் மற்றவையும் சேர்ந்து நின்றுபோகும்.

ரிவர்ஸ் ஒயர் தகவல் மட்டும் சொல்லட்டும். கரண்டை பேட்டரி கொடுக்கட்டும். நடுவில் ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்ட் வந்தால் பெரிய கரண்டுக்கு வழி திறக்கும் சுவிட்ச். ரிலேயின் கால்களில் நம்பர் போட்டிருக்கும்: 86-இல் ரிவர்ஸ் ஒயர், 85-இல் எர்த். ரிலேக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், பழைய ஒயருக்கு அது பாரமே இல்லை. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 30-க்கு, 87-இலிருந்து லைட்டுக்கு. ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். லைட்டை அதில் சொருகினால் எப்போதும் எரிந்து, ரிவர்ஸ் போடும்போது மட்டும் அணையும்!

கடையில் ரிலே வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். லாரிக்கான 24 வோல்ட் ரிலேயும் பார்க்க அச்சு அசல் இதே போலத்தான் இருக்கும். எல்இடி பெரும்பாலும் 10 முதல் 30 வோல்ட் வரை எதிலும் எரியும், ஆனால் 24 வோல்ட் காயில் 12-இல் இழுக்காது. லைட் போச்சு என்று புது லைட் வாங்கிவிட்டு, பிறகு ரிலேயைப் பார்ப்பவர்கள் உண்டு.

பியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரி பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். அது லைட்டைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. பின்னால் லைட் பக்கத்தில் பியூஸ் வைத்தால், நடுவில் சேஸில் எங்காவது ஒயர் உரசித் தொட்டால் பேட்டரியின் மொத்த பலமும் அந்த ஒயரில் பாயும். மூன்று ஆம்பியர் லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரும் 7.5 ஆம்பியர் பியூஸும் தாராளம். பியூஸ் போனால் ஏன் போனது என்று தேடுங்கள். 30 ஆம்பியரைச் சொருகிவிட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

இனி எர்த். என்னைக் கேட்டால் பாதிப் புகார் இங்கேதான். நான் முதன்முதலில் மாட்டியபோது சோம்பல்பட்டு, எல்இடியின் கறுப்பு ஒயரை இடது டெயில் லைட்டின் எர்த்திலேயே சேர்த்துவிட்டேன். ரிவர்ஸ் போட்டால் எல்இடி மினுக்கியது. அதைவிட விசித்திரம், ஹெட்லைட் சுவிட்சைத் தொடாமலே இடது டெயில் லைட் மங்கலாகச் சிவந்தது. இரண்டு நாள் ரிலேயையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் டெயில் லைட்டின் எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தது. போக வழி கிடைக்காத கரண்ட், டெயில் பல்பு வழியாகத் திரும்பி வேறு பாதை தேடியிருக்கிறது. லைட்டுக்கென்று தனி எர்த் எடுங்கள். சேஸில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் இடத்தில் லக் (ஒயர் முனையில் மாட்டும் துளையுள்ள உலோகத் துண்டு) வைத்து, பல் வாஷரோடு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பிறகு லைட்டை எரியவிட்டு மல்டிமீட்டரில் பேட்டரி மைனஸுக்கும் லைட்டின் கறுப்பு ஒயருக்கும் நடுவே பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

லோடு இறக்கும்போது வெளிச்சம் வேண்டும் என்று கேபினுக்குள் தனி சுவிட்ச் கேட்பவர்களும் உண்டு. நியாயமான ஆசைதான். சுவிட்ச் ஒயரையும் ரிவர்ஸ் ஒயரையும் ஒன்றாக 86-இல் சேர்த்தால், சுவிட்சைப் போட்டதும் கரண்ட் பின்னோக்கிப் போய் ரிவர்ஸ் பல்பை எரியவைக்கும், ரிவர்ஸ் ஹாரனும் பாட ஆரம்பிக்கும். 86-க்கு வரும் ரிவர்ஸ் ஒயரில், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. அதன் வெள்ளைக் கோடு ரிலே பக்கம் இருக்க வேண்டும். சுவிட்சுக்கு சாவி போட்டால் மட்டும் வரும் லைனிலிருந்து எடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக எடுத்து, அணைக்க மறந்து தூங்கினால் பத்து மணி நேரத்தில் 30 ஆம்பியர்-அவர் காலி. அப்புறம், முன்னால் ஓடும்போது பின்பக்கம் வெள்ளை லைட் எரிவது விதிப்படி தப்பு. பின்னால் வருபவர், வண்டி தன்னை நோக்கி வருகிறதோ என்று பதறுவார்.

ஜாயின்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முறுக்கி டேப் சுற்றியது வாட்டர் சர்வீஸில் இரண்டு முறை கழுவினால் பச்சை பூத்துவிடும். கிரிம்ப் அடித்து (உலோகக் குழாய்க்குள் ஒயர்களை வைத்து நசுக்கி), மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். சைலன்சர் பக்கம் ஒயரைக் கொண்டுபோகாதீர்கள்.

லைட்டை நேராகப் பார்க்கவிட்டால் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கை காட்டும் ஆளின் கண் கூசிவிடும். அவருக்கு உங்கள் டயரும் தெரியாது, பள்ளமும் தெரியாது. கொஞ்சம் கீழே சாய்த்து, வண்டிக்குப் பின்னால் நாலைந்து அடியில் வெளிச்சம் தரையில் விழும்படி முடுக்குங்கள். முடுக்கும் முன் பின் கதவை ஒருமுறை இறக்கித் தொங்கவிட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அது நேராக லைட்டின் முகத்தில்தான் வந்து இடிக்கும்.