பாதி வெட்டினால் முழுப் பானை

பழங்காலப் பானையைக் காகித ஒட்டுப்படமாகச் செய்ய முழு உருவத்தையும் வரைய வேண்டாம். துண்டுக் காகிதத்தை இரண்டாக மடித்து, மடிப்பை நடுவாக வைத்துப் பானையின் பாதி விளிம்பை மட்டும் வெட்டுங்கள். விரித்தால் முழுப் பானை. சக்கரத்தில் வனைந்த பாண்டம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் இது பொருந்துகிறது. வெட்டியபின் மிஞ்சும் ஓட்டைக் காகிதத்தையும் எறியாதீர்கள். வேறு நிறத்தின் மேல் ஒட்டினால் அதுவே இன்னொரு பானை.

மாதிரிக்குக் கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பாருங்கள். உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, கீழே சிவப்பு. கவிழ்த்துச் சுட்டதில் காற்றுப் படாத பகுதி கறுத்துப்போனது என்பது பொதுவான விளக்கம். நமக்கு இது வசதி, இரண்டே நிறம் போதும்: பழைய கல்யாணப் பத்திரிகை உறையின் சிவப்பு, நாளிதழ் விளம்பரத்தின் கறுப்பு. கறுப்பை மட்டும் கையால் கிழித்து ஒட்டுங்கள். அசல் பானையிலும் இரு நிறமும் சேரும் இடம் மங்கலாகத்தான் இருக்கும். கத்தரிக்கோல் கோடு அங்கே எடுபடாது. அப்புறம், பானை ஓடுகளில் கீறியிருக்கும் குறியீடுகளை வெள்ளைத்தாள் கீற்றுகளால் மேலே வைத்துப் பாருங்கள், குழந்தைகள் விடமாட்டார்கள்.

மூக்கு வைத்த கெண்டிக்கும் பக்கவாட்டில் நிற்கும் சுடுமண் காளைக்கும் இந்த முறை ஆகாது. கெண்டி என்றால் மூக்கைத் தனியாக வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். கெட்டி அட்டையும் வேண்டாம், மடிப்பில் வெடித்துவிடும்.