பேசாமல் கிடக்கும் ப்ரீபெய்டு சிம்: எண்ணைப் பறிகொடுக்காமல் காப்பது எப்படி?

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்குப் போகும் விசைப்படகுகள் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகிறது. மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் திரும்ப ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். இவ்வீடுகளில் பலவற்றிலும் யாரும் பேசாத ஒரு சிம் இருக்கும். அதில் மிச்சமிருக்கும் பத்து இருபது ரூபாய் போனால் பெரிய இழப்பில்லை. ஆனால் வங்கிக் கணக்கும் ஆதாரும் கேஸ் இணைப்பும் அந்த எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்பதால், எண் போனால் எல்லாம் சேர்ந்து முடங்கும்.

முதலில் இரண்டு காலக்கெடுக்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நாம் போடும் ரீசார்ஜின் வேலிடிட்டி. 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். அது முடிந்ததும் வெளி அழைப்பு நிற்கும். சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நிற்கும். இந்த நிலையில் எண் இன்னும் நம்முடையதுதான். ரீசார்ஜ் செய்தால் உயிர் பெறும். மற்றொன்று, பயன்பாடே இல்லாத காலம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் கொண்டுவந்த விதியின்படி, ஓர் எண் தொடர்ந்து 90 நாட்கள் பயன்படாமல் கிடந்தால்தான் அதை நிறுவனம் துண்டிக்கலாம். அழைப்பு வந்தாலும் போனாலும், குறுஞ்செய்தி அனுப்பினாலும், இணையம் ஓடினாலும் அது பயன்பாடாகும்.

அதே விதியில் பலரும் அறியாத ஒரு பாதுகாப்பு உண்டு. 90 நாட்கள் முடியும்போது கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் எண்ணைத் துண்டிக்கக் கூடாது. 20 ரூபாய் கழித்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் நீட்டிக்க வேண்டும். இருப்பு உள்ளவரை இது தொடரும். ஆனால் 20 ரூபாய்க்கு டாப்அப் செய்தால் 20 ரூபாய் ஏறாது; வரியும் கட்டணமும் போகச் சுமார் 15 ரூபாய்தான் ஏறும். 100 ரூபாய்க்குச் செய்தால் 80 ரூபாய்க்குச் சற்று மேல் நிற்கும், அது நான்கு மாத நீட்டிப்புக்குப் போதும். இந்த இருப்பு எண்ணைத்தான் காக்கும். ஓடிபி வந்து சேரவேண்டுமென்றால் வேலிடிட்டியும் நடப்பில் இருக்க வேண்டும்.

என் அத்தான் மஸ்கட்டுக்குப் போனபோது தம் சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். ஐந்தாவது மாதம் வங்கியில் ஒரு தேவை வந்து அக்கா அந்தப் போனுக்குச் சார்ஜ் ஏற்றித் திறந்தபோது, திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கணக்கில் 11 ரூபாய்தான் இருந்திருக்கிறது. எண் திரும்பக் கிடைக்கவே இல்லை.

எனவே வெளிநாடு போகிறவர்கள் போகும் முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். 100 ரூபாயாவது டாப்அப் செய்துகொள்ளுங்கள். பிறகு, இணையம் இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் நீண்ட காலத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்படியொரு திட்டத்தை நிறுவனங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றும், சிறப்புத் திட்டங்களின் வேலிடிட்டி 365 நாட்கள் வரை இருக்கலாம் என்றும் டிராய் 2024 டிசம்பரில் திருத்தம் செய்திருக்கிறது. கடைக்காரர்கள் பெரும்பாலும் டேட்டா திட்டத்தையே முதலில் சொல்வார்கள். நாம்தான் விடாமல் கேட்க வேண்டும். சிம் வீட்டிலேயே இருந்தால், மாதத்தில் ஒரு நாளைக் குறித்துவைத்து, அன்று போனைத் திறந்து வீட்டிலுள்ள இன்னொரு எண்ணுக்கு ஒரு நிமிடம் பேசிவிடுங்கள். எடுக்காத மிஸ்டுகால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு 90 நாள் கணக்கு பெரும்பாலும் எட்டாது. அவர்களுக்குச் சிக்கல் வேலிடிட்டிதான். நடுக்கடலில் திட்டம் முடிந்துபோனால், கொச்சியிலோ தேங்காப்பட்டணத்திலோ கரை சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு சொல் சொல்ல முடியாது. புறப்படும் முன் 84 நாள் திட்டம் போடுவது நல்லது. இல்லையெனில் முடியும் தேதியை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டால், அவர்கள் கரையிலிருந்தே ரீசார்ஜ் செய்துவிடலாம்.

எண் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் 20 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் அதே எண்ணை மீட்கலாம். சிம்மையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நிறுவனத்தின் சேவை மையத்துக்கு நேரில் போவது நல்லது. மறுத்தால், அதே நிறுவனத்தின் வேறொரு எண்ணிலிருந்து 198-ஐ அழைத்துப் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் தேவைப்படும்.

மீட்க வழியே இல்லையென்றால் உடனே வங்கிக்குப் போய்ப் புதிய எண்ணைப் பதியுங்கள். அடுத்து ஆதார், அதன்பின் வாட்ஸ்அப் எண் மாற்றம். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் வேறு யாருக்கும் தரமாட்டார்கள். அதன் பிறகு அந்த எண் இன்னொருவர் கைக்குப் போகலாம். நம் வங்கியின் குறுஞ்செய்தி அவர் போனில் வந்து விழலாம்.