ஒர்க்-ஸ்டடி: நவம்பரில் தீர்ந்துபோகும் பணமும் வேறு சில தவறுகளும்

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் மாணவப் பணியாளர்களை மேற்பார்ப்பது என் வேலை. பணத்தேவை உள்ள மாணவர்களுக்கு மத்திய அரசின் நிதியில் பகுதிநேர வேலை தரும் திட்டத்துக்கு இங்கே ஒர்க்-ஸ்டடி என்று பெயர். ஆய்வுக்கூடத்துக்கோ துறை அலுவலகத்துக்கோ புதிதாகச் சூப்பர்வைசர் ஆகும் நம் ஊர்க்காரர்கள் யாராவது கேட்பார்கள்: "அக்கா, ஒர்க்-ஸ்டடி பிள்ளைகளை எடுக்கப் போறேன். முக்கால்வாசி சம்பளத்தை அரசாங்கமே குடுத்துடுமாமே?"

குடுக்கும். ஆனால் எதுவரைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் பேசிய தம்பி, நான் இரண்டாம் வருடத்தில் செய்த அதே தவறை, அதே கணக்கோடு செய்யத் தயாராக இருந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேர்காணலுக்குத் தாமதமாகப் போவது, விளம்பரத்தில் தேதியை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள்.

பின்னணி கொஞ்சம். 1964இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் காலத்தில், வறுமை ஒழிப்புக்காக வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்தோடு பிறந்த திட்டம் இது. மறு வருடம் உயர்கல்விச் சட்டத்துக்குள் போனது. டெக்சாசில் தான் படித்த கல்லூரியில் தரை கூட்டிப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டவர் ஜான்சன். உயர்கல்விச் சட்டத்தில் அதே கல்லூரிக்கு வந்துதான் கையெழுத்துப் போட்டார். ஏழைப் பிள்ளைக்குக் கடன் கொடுப்பதைவிட வேலை கொடுப்பது மேல் என்பதுதான் எண்ணம். நான் இதை முழுமையாக நம்புகிறேன். அதனால்தான் திட்டத்தைத் தள்ளுபடி விலையில் கிடைக்கும் ஆள் என்று பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அவார்டை மணிக்கணக்காக மாற்றாமல் ஷிப்ட் போடுவது

மாணவருக்கு நிதியுதவி அலுவலகம் ஒதுக்கும் தொகைக்கு அவார்ட் என்று பெயர். அது கையில் கொடுக்கும் பணமில்லை. அந்தக் கல்வியாண்டில் இந்தத் திட்டத்தின் கீழ் அவர் அதிகபட்சம் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்கிற வரம்பு. அந்த வரம்புக்குள் இருக்கும்வரை வளாக வேலையில் சம்பளத்தின் 75 சதவீதம்வரை அரசு நிதியிலிருந்து வரும். வரம்பைத் தாண்டிய அடுத்த மணியிலிருந்து முழுச் சம்பளமும் உங்கள் தலையில்.

அந்த வருடம் எனக்கு இரண்டு மாணவிகள். ஆளுக்கு 2,400 டாலர் அவார்ட். சம்பளம் மணிக்கு 12 டாலர். மாலை நேரத்தில் மேசையில் ஆளில்லை என்பதால், இருவருக்கும் வாரம் 15 மணி நேரம் போட்டேன். 2,400ஐ 12ஆல் வகுத்தால் 200 மணி நேரம். 15 வாரம் கொண்ட இரண்டு செமஸ்டருக்கு அதைப் பரப்பினால் வாரத்துக்கு ஆறரை மணிக்குச் சற்றுக் கூடுதல். நான் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருந்தேன். இந்த வகுத்தலை அன்றைக்கு நான் போடவில்லை. 2,400 என்ற எண் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் இருவருக்கும் தீர்ந்துவிட்டது. எனக்குத் தெரியாது. சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. டைம்ஷீட்டில் நான் ஒப்புதல் கொடுத்து, அது கணக்கில் ஏறி, மீதித் தொகையாகத் திரையில் தெரிய மேலும் சில நாட்கள். திரையில் தெரிவது எப்போதும் பழைய மீதி. டிசம்பர் தேர்வு வரைக்கும் வேலை வாங்கினேன். ஜனவரியில் சம்பளப் பிரிவிலிருந்து தாள் வந்தது: ஆளுக்கு 25 மணி நேரம் கூடுதல், மொத்தம் 600 டாலர், துறைக் கணக்கில் பற்று வைக்கப்பட்டது.

600 டாலர் போனது சின்ன விஷயம். வசந்த கால செமஸ்டரில் இருவரையும் அதே 15 மணிக்கு வைத்திருக்க ஆளுக்கு 2,700 டாலர் வேண்டும். அவார்ட் மீதமிருந்தால் துறைக்கு அதில் 675 மட்டுமே செலவு. துறைத் தலைவர் முழுத் தொகையையும் தர மறுத்தார். அவர் மறுத்ததில் பிழையில்லை. இரண்டு பேரையும் ஜனவரி இரண்டாம் வாரத்தில் நிறுத்தினேன். ஒருத்தி அந்தச் சம்பளத்தில்தான் வாடகையில் தன் பங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஊருக்கு வெளியே பேரங்காடியில் இரவு ஷிப்டுக்குப் போனாள். எட்டு மணி வகுப்பில் அவள் தூங்குவதைப் பார்த்ததாக அவளுடைய பேராசிரியர் என்னிடம் சொன்னபோது எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. செப்டம்பரிலேயே கணக்குப் போட்டு வாரம் ஆறு மணி என்று சொல்லியிருந்தால், மிச்ச நேரத்துக்கு வேறு வேலையை அவள் நல்லபடியாகத் தேடியிருப்பாள்.

அடுத்த வருடம் ஒழுங்காக வகுத்தேன். பாதி வருடம் முடிந்தபோது கையில் 1,200 டாலர், அதாவது 100 மணி. ஜனவரியில் சம்பள விகிதம் 13 ஆக உயர்ந்தது. அவார்ட் உயரவில்லை. 100 மணி 92 ஆகச் சுருங்கியது. சம்பள உயர்வு வருகிறதென்றால் மீதியை உடனே புதிய விகிதத்தால் வகுத்துப் பாருங்கள்.

அதற்கும் அடுத்த வருடம் அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. என் கணக்கு டாலருக்கு டாலர் சரி. ஆனாலும் பிப்ரவரியில் ஒரு மாணவனுக்குத் தீர்ந்துவிட்டது. விசாரித்தால், வாரத்தில் இரண்டு நாள் காலையில் உணவுக்கூடத்திலும் வேலை பார்த்திருக்கிறான்; அதுவும் ஒர்க்-ஸ்டடிதான். அவார்ட் மாணவருடையது, உங்கள் வேலையுடையது இல்லை. இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டு பேரும் ஒரே பானையிலிருந்து மொள்கிறார்கள். இதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாமல் இருக்கலாம். முதல் நாளே வாயைத் திறந்து கேளுங்கள்.

இப்போது நான் செய்வது: அவார்டை விகிதத்தால் வகுக்கிறேன். வந்த மணிகளில் பத்தில் ஒரு பங்கைத் தேர்வு வாரங்களுக்காக ஒதுக்குகிறேன். மீதியை வாரங்களுக்குப் பங்கிடுகிறேன். அந்த எண்ணை மாணவரிடமும் எழுதிக் கொடுக்கிறேன், அவர்களும் எண்ணட்டும் என்று. திரையை நம்பாமல், ஒப்புதல் கொடுத்த ஒவ்வொரு டைம்ஷீட்டையும் என் நோட்டில் கழிக்கிறேன். தேவை இன்னும் இருப்பவர்களுக்கு நிதியுதவி அலுவலகம் சில சமயம் அவார்டைக் கூட்டித் தரும். அக்டோபரில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. பிப்ரவரியில் கேட்டால் நிதி எங்கேயோ போயிருக்கும்.

"சும்மா வந்து உதவி பண்ணட்டும்"

கூடாது. அவார்ட் தீர்ந்தபின் சம்பளமில்லாமல் வருகிறேன் என்று பிள்ளைகளே சொல்வார்கள், அத்தனை பிரியத்தோடு. சம்பளத்துக்குச் செய்த அதே வேலையை அவர்கள் இலவசமாகச் செய்ய விடுவது தொழிலாளர் சட்டப்படி தப்பு. அவர்கள் விரும்பினாலும் தப்பு. செய்த மணிக்குச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும், அவார்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வகுப்பு நேரத்தில் ஷிப்ட்

போடாதீர்கள். கால அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஷிப்ட் எழுதுங்கள்.

எஃப்-1 மாணவரை நம்பவைப்பது

கோயம்புத்தூரிலிருந்து முதுகலை படிக்க வந்த பையன் ஒருவன் என் மேசைக்கு வந்து, "அக்கா, எனக்கு எல்லாத் தகுதியும் இருக்குதுங்க, விண்ணப்பத்தையே தள்ளிட்டாங்களே" என்று கண் கலங்கினான். அவன் தகுதியில் குறையில்லை. இது மத்திய அரசின் உதவி நிதி. குடியுரிமை உள்ளவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்றவர்களுக்குத்தான். அவர்களும் ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பி, பணத்தேவை இருப்பதைக் காட்டவேண்டும். எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம், ஆனால் இந்த நிதியில் இல்லை. விளம்பரத்தின் முதல் வரியிலேயே "ஒர்க்-ஸ்டடி அவார்ட் உள்ளவர்களுக்கு மட்டும்" என்று எழுதிவிடுங்கள். துறையின் சொந்தப் பணத்தில் ஓர் இடம் இருந்தால் அதைத் தனியாக விளம்பரப்படுத்துங்கள். அந்தப் பையனை மூன்று வாரம் காத்திருக்க வைத்துவிட்டுத்தான் அவன் விண்ணப்பித்த அலுவலகம் இதைச் சொன்னது.

சங்கத்துக்கும் கோயிலுக்கும் ஆள் கேட்பது

வளாகத்துக்கு வெளியே இருக்கும் லாப நோக்கமற்ற அமைப்புகளும் இந்தப் பிள்ளைகளை எடுக்கலாம். பல்கலைக்கழகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதைக் கேட்டதும் நம் தமிழ்ச் சங்கத்தார் உற்சாகமாகிவிடுகிறார்கள். வேலை பொதுநலத்துக்காக இருக்கவேண்டும் என்பது விதி. சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் பயன்படும் வேலை அதில் சேராது. பொங்கல் விழா உறுப்பினர் பட்டியலைத் தட்டச்சு செய்ய ஆள் கிடைக்காது. ஊரில் உள்ள எந்தக் குழந்தையும் வந்து உட்காரக்கூடிய வாசிப்பு வகுப்பு என்றால் பேசிப் பார்க்கலாம். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுக்கும் வேலையில் முழுச் சம்பளமும் அரசு நிதியிலிருந்தே வர வழியுண்டு. வழிபாடு நடக்கும் கட்டடத்தைக் கட்டுவது, பராமரிப்பது போன்ற வேலைகள் கண்டிப்பாக முடியாது.

ஐ-9 படிவம்

அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி உண்டு என்பதைச் சரிபார்க்கும் படிவம் இது. மாணவர் தன் பகுதியை முதல் நாளே நிரப்பவேண்டும். உங்கள் பகுதி 3 வேலை நாட்களுக்குள்.

ஜூன் 30

அவார்ட் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மாணவர் சம்பாதிக்காமல் விட்டது அவருக்கு அடுத்த வருடம் சேராது. கணக்கைப் பார்த்துப் பயந்து ரொம்பக் குறைவாக ஷிப்ட் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரலில் 700 டாலர் மிஞ்சிக் கிடப்பது அந்தப் பிள்ளைக்குப் போகவேண்டிய பணம். மார்ச் முதல் வாரம் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், மேலேயும் கீழேயும்.

நல்ல மாணவரை மறு வருடமும் வைத்துக்கொள்ள நினைத்தால், ஃபாஃப்சாவை மறுபடி நிரப்பச் சொல்லி இப்போதே நினைவூட்டுங்கள். இந்தச் சம்பளம் அடுத்த வருட உதவித்தொகையைக் குறைத்துவிடும் என்று பயந்து சில பிள்ளைகள் வேலையையே விட்டுவிடுகிறார்கள். தேவையைக் கணக்கிடும்போது ஒர்க்-ஸ்டடி வருமானத்தைக் கழித்துவிடுவார்கள் என்று சொல்லுங்கள். எங்கள் மேசையில் இப்போது இருக்கும் பெண் அதைக் கேட்ட பிறகுதான் இரண்டாம் வருடத்துக்கு ஒப்புக்கொண்டாள்.