பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரம்: ஆசிரியர்கள் சோர்ந்து போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தால், பொதுத்தேர்வுக்குப் பத்துப் பதினோரு வாரம்தான் மிச்சம். அரசுப் பள்ளியில் இந்த நாட்களில் மாணவர்களுக்கு முன்னால் களைத்துப் போகிறவர்கள் ஆசிரியர்கள். சிறப்பு வகுப்பு, சிறுதேர்வு, விடைத்தாள் கட்டு, எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித்துறையின் இணையதளம்) பதிவு, மேலிடத்து ஆய்வுக் கூட்டத்துக்கான புள்ளிவிவரம் என்று எல்லாமே அந்த ஐந்து பாட ஆசிரியர்கள் தலையில்தான் விழுகிறது. 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க சார்' என்று கூட்டம் போட்டுப் பேசினால் அன்றைக்கு ஒரு பாடவேளை போகும், அவ்வளவுதான். தலைமையாசிரியர் கையில் இருக்கும் உண்மையான கருவி, வேலைப் பங்கீடு.

முதலில் மதிப்பெண் ஆய்வு. எல்லா ஆசிரியர்களையும் உட்கார வைத்து, பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கணக்கில் 58, தமிழில் 91 என்று சபையில் படித்தால் கணக்கு ஆசிரியர் தலையைக் குனிந்துகொள்வார். அதன்பின் எந்தக் கேள்விக்கும் 'பசங்க படிக்க மாட்டேங்கிறாங்க சார்' என்பதே பதிலாக வரும். அதற்குப் பதில் ஒவ்வொருவரோடும் தனியாகக் கால் மணி நேரம் உட்காருங்கள். மேசையில் இரண்டு தாள் போதும்: அரையாண்டு மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு. 35-க்குக் கீழே இருப்பவர்களை மூன்றாகப் பிரியுங்கள். 25 முதல் 34 வரை வாங்கியவர்கள், அதற்கும் கீழே இருப்பவர்கள், பள்ளிக்கே ஒழுங்காக வராதவர்கள். இந்த மூன்றாவது கூட்டம் பாட ஆசிரியரின் பொறுப்பில்லை என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதிப் பாரம் அப்போதே இறங்கிவிடும்.

'எத்தனை பேரைத் தேற வைப்பீர்கள்?' என்று கேட்காதீர்கள். அதற்கு வாயில் வந்த எண்தான் பதிலாக வரும். 'இந்த ஒன்பது பேர் எங்கே மதிப்பெண் விடுகிறார்கள்?' என்று கேளுங்கள். கணக்கையே எடுத்துக்கொள்வோம். வடிவியலும் வரைபடமும் தலா 8, ஆக 16. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அதில் பத்து சரியாகப் போட்டால் 26. இரண்டு மதிப்பெண் வினாவில் ஐந்து சேர்ந்தால் 36, தேர்ச்சி. இதைத் தாளில் போட்டுப் பார்க்கும்போது, அந்தப் பையனுக்கு இந்த வாரம் தொடுகோடு வரையச் சொல்லித் தந்தால் போதும் என்று ஆசிரியருக்கே தெரியவரும். முடிக்கக்கூடிய வேலை கையில் கிடைத்தவர் தானாகவே செய்வார். முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தச் சொன்னால் யாருக்கும் கை ஓடாது.

அடுத்தது விடைத்தாள். ஆர்வத்தைக் கொல்வதில் இதற்கு ஈடு வேறில்லை. 60 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஐந்து பாடத்துக்கும் தினமும் சிறுதேர்வு வைத்தால் நாளுக்கு 300 தாள். ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் தினம் இரண்டு மணி நேரம் போகிறது. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பாடங்கள் தனி. ஒரு வாரம் தாங்கும். மூன்றாம் வாரம் தாளைப் படிக்காமலே டிக் விழும். பிப்ரவரியில் கட்டு பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கும். திருத்தாத தேர்வால் மாணவனுக்கும் பயனில்லை.

ஒரு நாளுக்கு ஒரு பாடத்தில் மட்டும் சிறுதேர்வு வையுங்கள், 20 மதிப்பெண், அரை மணி நேரம். ஒரு மதிப்பெண் பகுதியை மாணவர்களே தாள் மாற்றித் திருத்தட்டும். ஆசிரியர் வரிவரியாகப் பார்க்க வேண்டியது 25–34 பிரிவில் உள்ளவர்களின் தாளை மட்டும். மற்றவர்களுடையதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். மதிப்பெண்ணை ஒரே ஒரு பேரேட்டில் எழுதட்டும். பாட ஆசிரியரிடம் ஒன்று, வகுப்பாசிரியரிடம் ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என மூன்று இடத்தில் எழுத வைப்பது வெட்டி வேலை.

சிறப்பு வகுப்பு அட்டவணையில்தான் சண்டை கிளம்பும். கணக்கும் ஆங்கிலமும் எல்லா மாலையையும் எடுத்துக்கொண்டால், தமிழாசிரியர் 'என் பாடத்தை யார் மதிக்கிறார்கள்' என்று ஒதுங்கிவிடுவார். காலை 8.30 முதல் 9.15 வரை ஒன்று, மாலை 4.30 முதல் 5.30 வரை ஒன்று. வாரம் ஐந்து நாள், ஐந்து பாடம். ஆளுக்கு ஒரு காலை, ஒரு மாலை, ஆனால் இரண்டும் ஒரே நாளில் விழக் கூடாது. பேருந்தில் வருபவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் யார் யார் என்று முதலில் கேட்டுவிட்டு அட்டவணை போடுங்கள். பிறகு மாற்றினால் சலுகை காட்டியதாகப் பேச்சு வரும். பொங்கலுக்கு வகுப்பு வேண்டவே வேண்டாம். தற்செயல் விடுப்புக் கணக்கு ஜனவரியில்தான் புதிதாகத் தொடங்குகிறது, 12 நாளும் கையில் இருக்கும். பிப்ரவரியில் யாருக்கு எந்த நாள் தேவை என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், திடீர் விடுப்பு குறையும்.

மாலை வகுப்பில் மாணவர்களுக்குச் சுண்டல் கொடுத்தால் ஆசிரியருக்கும் டீயோடு ஒரு தட்டு போக வேண்டும். 60 பேருக்கு 3 கிலோ கொண்டைக்கடலை, முந்தின இரவே ஊற வேண்டும். செலவுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையோ ஊர்க்காரர்களையோ கேளுங்கள். ஆசிரியர்களிடம் வசூலிக்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு எடுக்காதவர்களை வெறுமனே விடாதீர்கள். எமிஸ் பதிவு, நலத்திட்டப் பட்டியல் போன்றவற்றை அவர்களிடம் மாற்றுங்கள். ஓவிய ஆசிரியர் சமூக அறிவியல் வரைபட வினாவுக்குப் பயிற்சி தரலாம். உடற்கல்வி ஆசிரியர் சொன்னால் வராத பையனும் வருவான். காலை ஒன்பதரைக்குள் வீட்டுக்குப் போன் செய்யும் வேலையை அவரிடம் கொடுங்கள். அறிவியல் செய்முறைத் தேர்வு நாளில் இது மிக முக்கியம்: 25-க்கு 15 எடுத்தாக வேண்டும், எழுத்துத் தேர்வில் 75-க்கு 20. செய்முறைக்கு வராதவன் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்தும் தேற முடியாது. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தால் இரண்டு பேராகப் போகட்டும்.

பாராட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சென்டம் வாங்கித் தந்தவருக்கு மட்டும் சால்வை என்று அறிவித்தால், முதல் ஐந்து மாணவர்கள் மேல்தான் எல்லார் கண்ணும் போகும். 12-லிருந்து 31-க்கு வந்த மாணவியின் தாளை ஆசிரியர் அறைக்கே எடுத்துப் போய், என்ன மாறியது என்று அந்த ஆசிரியரைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பொத்தாம்பொதுவான 'நல்ல உழைப்பு' யார் காதிலும் ஏறாது.

ஆய்வுக் கூட்டத்தில் வாங்கிய திட்டைப் பள்ளிக்கு வந்து அப்படியே இறக்கி வைக்காதீர்கள். விழுக்காடு உயர வேண்டுமென்று மெதுவாகப் படிக்கும் மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பும்படி ஆசிரியர்களிடம் சாடையாகக்கூடச் சொல்லாதீர்கள். அது அநியாயம், ஒருமுறை நடந்துவிட்டால் நேர்மையாக உழைக்கிறவர் அந்த வருடமே கைவிட்டுவிடுவார்.

மார்ச்சில் உங்கள் ஆசிரியர்கள் அறைக் கண்காணிப்புக்கு வேறு மையங்களுக்குப் போய்விடுவார்கள். சொந்த மாணவர்கள் எழுதும் நேரத்தில் அருகில் இருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தின வேலை நாள் மாலையில் அந்தப் பாட ஆசிரியருக்கு மாணவர்களோடு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தேர்வு முடிந்த மாலை வினாத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடட்டும். எத்தனை பேர் தேறுவார்கள் என்ற கணக்கை அன்றைக்கே கேட்கத் தொடங்கினால் அடுத்த பாடத்துக்காரரும் சேர்ந்து பதறுவார்.