சவுக்குத் தோப்பை மேடாக்கும் வெள்ள மாடல்: ஜிஐஎஸ் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் பக்கம் வெள்ள வடிகால் வேலைக்குப் புதிதாக வருகிற பொறியாளர்கள் ஜிஐஎஸ் என்கிற கணினி வரைபட மென்பொருளில் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். லேயருக்குப் பெயர் வைக்க மறப்பது, ஃபைலைத் தொலைப்பது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே வருபவை அப்படிப் போவதில்லை.

டிகிரியில் பரப்பளவு

கணக்கிடாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும் லேயரை மீட்டருக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள்.

டெம் காட்டுவதைத் தரைமட்டம் என்று நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். டெம் என்பது நிலத்தின் உயரங்களைத் தரும் டிஜிட்டல் வரைபடம். இலவசமாகக் கிடைக்கிற எஸ்ஆர்டிஎம் என்கிற டெம், 2000 பிப்ரவரியில் விண்கலத்தில் வைத்த ரேடார் 11 நாளில் அளந்தது. அடர்ந்த தோப்பாக இருந்தால் ரேடார் தரைவரை போகாது. இலைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஏதோ ஓர் உயரத்தைத்தான் பதிவு செய்யும். நம் கடலோரமோ சவுக்குக்குப் பேர்போனது.

கெடிலம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தம்பி ஹெக்-ராஸ் என்கிற வெள்ளக் கணிப்பு மென்பொருளில் மாடல் ஓட்டிக் கொண்டுவந்தார். 2015 நவம்பர் மழையைக் கொடுத்தும் தோப்புகள் மட்டும் நனையாத தீவுகளாக நின்றன. அதில் ஒன்றைப் பம்ப் ஹவுஸுக்கு ஏற்ற மேட்டு நிலம் என்று அறிக்கையில் எழுதியும் விட்டார்கள். நேரில் போய் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி வைத்துப் பார்த்தோம். பக்கத்து வயலைவிடத் தரை ஒரு சாண்கூட உயரமில்லை. சவுக்கை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுவார்கள். 2000-ல் நின்ற மரங்கள் என்றோ கம்பாகவும் விறகாகவும் போயாச்சு. அவற்றின் உயரம் மட்டும் மாடலில் மேடாக இருக்கிறது! அங்கே கட்டியிருந்தால் முதல் வெள்ளத்திலேயே மோட்டார் மூழ்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எஸ்ஆர்டிஎம் உயரங்கள் முழு மீட்டரில்தான் வரும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத சமவெளியில் அதை வைத்துத் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று எப்படிச் சொல்வது? மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் தருகிற ஃபேப்டெம் எவ்வளவோ மேல். அதையும் அப்படியே நம்பாமல் சாலை மட்டம், வயல் மட்டம், வாய்க்கால் அடிமட்டம் மூன்றையும் உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க் புள்ளியிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள்.

மைனஸ் உயரத்தை உத்தேசமாகத் திருத்துவது

இஸ்ரோவின் புவன் தளத்திலிருந்து கார்ட்டோடெம் என்கிற டெம்மை இறக்கினால் கடற்கரை மைனஸில் வரும். டேட்டா கெட்டுப்போகவில்லை. அது எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமிக்குக் கணக்கில் போட்ட வழவழப்பான உருவத்திலிருந்து, அளந்த உயரம். நம் பகுதியில் ஜியாய்டு, அதாவது சராசரிக் கடல்மட்டப் பரப்பு, அந்த எலிப்சாய்டுக்குக் கிட்டத்தட்ட 90 மீட்டர் கீழே இருக்கிறது. கடற்கரை பூஜ்யமாகிற மாதிரி ஏதோ ஓர் எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். உள்நாட்டுக்குப் போகப் போக அந்த வித்தியாசம் மாறும். அதனால் இடத்துக்கு இடம் அந்த வித்தியாசத்தைத் தரும் ஜியாய்டு கிரிட் வைத்துத்தான் திருத்த வேண்டும். செயற்கைக்கோள் வழியாக அளக்கும் டிஜிபிஎஸ் உயரத்துக்கும் இதேதான்.

மண்டலம்

மீட்டரில் அளக்க உலகைப் பிரித்து வைத்த யூடிஎம் மண்டலங்களில் கடலூரும் புதுச்சேரியும் 44-ல் இருக்கின்றன. ஆனால் தென்பெண்ணை பிறக்கிற நந்தி மலை 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே, 43-ல் இருக்கிறது. முழு வடிநிலத்துக்கும் 44-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வெர்ட்

தண்ணீர் போகும் சிறு பாலம், சாலைக்கு அடியில் இருக்கும், டெமில் இருக்காது. அந்த இடத்தில் டெமில் சாலையை வெட்டிவிடுங்கள்.

ஏரியை நிரப்பிவிடுவது

பள்ளங்களை நிரப்பும் கருவி நீரோட்டத் திசை கண்டுபிடிக்க வேண்டும்தான். ஆனால் கரை கட்டிய ஏரியும் அதன் கண்ணுக்குப் பள்ளம்தான். பெருமாள் ஏரியோ வாலாஜா ஏரியோ, கரைமட்டம் வரை நிரப்பி மொட்டைத் தரையாக்கிவிடும். அப்புறம் வெள்ளத்தைத் தேக்க மாடலில் இடமே இருக்காது. திசைக்கு நிரப்பிய பிரதி, தேக்கத்துக்கு நிரப்பாத பிரதி என்று இரண்டு வைத்துக்கொண்டு, ஏரி நிரம்பி வழியும் கலிங்கு மட்டத்தை நேரில் போய் எடுத்துப் போடுங்கள்.