ஓப்பன் புக் பரீட்சைதானே என்று இருந்துவிடாதீர்கள்: ஏஐபிஇ-யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஓப்பன் புக்தானே அண்ணே, பார்த்துக்கலாம்." பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட் பக்கம் புதிதாக என்ரோல் ஆன (பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்த) நம்ம ஊர் ஜூனியர்கள் இப்படிச் சொல்லும்போது எனக்குப் பகீர் என்கிறது. ஏஐபிஇ என்கிற அகில இந்திய பார் தேர்வு, சட்டம் படித்துப் பதிவு செய்தவர்கள் தொடர்ந்து வக்கீல் தொழில் செய்யத் தேற வேண்டியது; புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதில் முதல் தடவை கோட்டை விட்டவர்களில் எனக்குத் தெரிந்த பலர் இப்படித்தான் தொடங்கினார்கள்.

மொத்தம் 100 கேள்வி. ஒரு கேள்விக்குச் சுமார் இரண்டு நிமிடம்தான். அதற்குள் படித்து, எந்தச் சட்டம் என்று பிடித்து, புத்தகக் கட்டிலிருந்து பேர் ஆக்ட்டை (விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை) உருவி, பக்கம் தேடி... பத்து கேள்விக்கு முடியும், நூறுக்கு முடியாது. எது எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் புத்தகம் கைகொடுக்கும். தினம் அரை மணி நேரம் பொருளடக்கத்தை மட்டும் வாசியுங்கள்.

அடுத்தது பழைய புத்தகம். என்னோடு அல்சூரில் அறையில் இருந்த திருவண்ணாமலைத் தம்பி, அவென்யூ ரோட்டில் பாதி விலைக்கு ஒரு கட்டு வாங்கி வந்தார். பிரித்தால் எல்லாம் ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்), சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) என்று பழைய சட்டங்கள். 2024 ஜூலை 1 முதல் பழையவற்றுக்குப் பதிலாக பிஎன்எஸ் (தண்டனை), பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறை), பிஎஸ்ஏ (சாட்சியம்) வந்துவிட்டன. பிரிவு எண் மாறியதைவிட, அதே எண்ணில் வேறு விஷயம் வந்து உட்கார்ந்திருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். 144 என்றதும் தடை உத்தரவு என்போம். பிஎன்எஸ்எஸ்ஸில் 144 ஜீவனாம்சம். தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. 482 முன்பு உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், இப்போது முன்ஜாமீன். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, இப்படி இடறும் எண்களை மட்டும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

தம்பி வாங்கிய அந்தப் புத்தகங்களின் ஓரமெல்லாம் யாரோ பென்சிலில் எழுதிய குறிப்புகள் வேறு. ஹாலுக்குள் குறிப்பு இல்லாத பேர் ஆக்ட்டுக்குத்தான் அனுமதி. படிக்க ஒன்று, எடுத்துப்போக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதலாம் என்று தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இங்கிலீஷ் பேர் ஆக்ட்டோடு போய்த் திணறுபவர்களும் உண்டு. கேள்வியில் 'உறுத்துக்கட்டளை' என்றிருக்கும். கையில் இருக்கும் புத்தகத்தில் அது இன்ஜங்ஷன். எந்த மொழியில் எழுதப் போகிறீர்களோ அந்த மொழிச் சொற்களில் பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பாருங்கள்.

அரசியலமைப்பும் சிபிசியும் (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) தலா 10 மதிப்பெண், அங்கேதான் நேரம் போக வேண்டும். அதற்காகத் தொழில் நெறியின் 4 மதிப்பெண்ணை விடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் மெல்லிய புத்தகம், இரண்டு மாலையில் முடிந்துவிடும்.

என்ரோல் ஆனபின் தேர்ச்சி பெற இரண்டு வருட அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போடுவதும் தப்பு. சீனியரிடம் வேலை கூடக் கூடப் படிப்பு நழுவிவிடும்.

பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் 45 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40. நெகட்டிவ் மார்க் கிடையாது. அப்படியிருந்தும் தெரியாத கேள்வியைக் காலியாக விட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடம் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு, ஓஎம்ஆர் தாளில் மிச்சமிருக்கும் வட்டங்களை நிரப்புங்கள்.